மலைக்கு இந்தப் பக்கம் எந்த சிம்?

மலேசியாவில் 4ஜி எத்தனை விழுக்காடு எட்டியிருக்கிறது என்ற கணக்கை, மக்கள் வாழும் பகுதிகளை மட்டும் வைத்துப் போடுகிறார்கள். 2020 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ஜென்டெலா திட்டம் 91.8 விழுக்காட்டை 96.9 ஆக உயர்த்த இலக்கு வைத்தது. 5ஜி 2023 இறுதியில் 80 விழுக்காட்டை எட்டியதாக அரசு அறிவித்தது. எண்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மீதமுள்ள அந்தச் சில விழுக்காடு நாடெங்கும் சமமாகத் தூவப்பட்டிருக்கவில்லை. மலையோரத்திலும் காட்டோரத்திலும் தோட்டங்களிலும்தான் அது திரண்டு நிற்கிறது. சிரம்பானிலிருந்து புக்கிட் தங்கா வளைவுகளைக் கடந்து இறங்கினால் வரும் கோலா கிளாவாங், ஜெலுபு மாவட்டத்தின் தலைநகர். சுற்றிலும் மலை. டவுனில் நன்றாக ஓடும் இணையம் செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் லயத்து வீட்டில் ஓடும் என்று நம்புவதற்கு எந்த விழுக்காடும் உத்தரவாதம் தராது. ஆகவே ஒரு சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது விலையைக் கடைசியில் பார்க்கலாம். உங்கள் வீட்டிலும் நீங்கள் தினமும் போய்வரும் பாதையிலும் அந்த சிம் வேலை செய்கிறதா என்பதே முதல் கேள்வி.

அலைகளின் இயல்பு அப்படி. 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தூரம் போகும், மேடுபள்ளத்தை ஓரளவு சுற்றிவரும். 2600 மெகாஹெர்ட்ஸ் வேகம் கூடியது. ஆனால் கோபுரத்துக்கு அருகில்தான் அதன் பலம், ஒரு குன்று குறுக்கே வந்தாலே தளர்ந்துவிடும். கைப்பேசியும் இதில் சேர்த்தி. 3ஜி சேவை 2021 இறுதியில் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு, 4ஜி வழியாகக் குரல் அழைப்பை எடுத்துச்செல்லும் வசதி இல்லாத கைப்பேசிகள் பேசும்போது பழைய 2ஜிக்கு இறங்கிவிடுகின்றன. அழைப்பு முடியும்வரை இணையம் நின்றுபோகும். சிக்னல் சரியில்லை என்று நிறுவனத்தை ஏசுகிற சில வீடுகளில் உண்மையான குற்றவாளி கையில் இருக்கும் அந்தப் பழைய போன்தான்.

வேனையே வீடாக்கி ஊர் ஊராகப் போகிறவர்கள் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம் வைத்துக்கொள்வார்கள், நீண்ட ஒப்பந்தத்தில் மாட்டிக்கொள்ளமாட்டார்கள். சிக்னல் இல்லையென்றால் வேனை நகர்த்தவும் அவர்களால் முடியும். தோட்டத்துக் குடும்பத்தால் வீட்டை நகர்த்த முடியாது. அதனால் அந்தப் பழக்கம் வேன்காரர்களைவிட இவர்களுக்கே அதிகம் தேவை. ஒரு மாதத்துக்கு ப்ரீபெய்ட் வாங்கி, காலையிலும் இரவு எட்டு மணிக்கும் வீட்டுக்குள் சோதித்துப் பாருங்கள். ப்ரீபெய்ட் கணக்குப் பார்த்தால் விலை கூடுதல் என்பார்கள். சில திட்டங்களில் உண்மைதான். ஆனால் புதுப் போனோடு சேர்த்துத் தரும் 24 மாத ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் கட்டவேண்டிய தொகையை வைத்துப் பார்த்தால், ஒரு மாதச் சோதனைக்கு ஆகும் வெள்ளி பெரிதல்ல. இரண்டாவது சிம் வாங்கும்போது பெயரை மட்டும் பார்க்கக் கூடாது. ஹாட்லிங்க் என்பது மேக்சிஸ்தான். செல்கோமும் டிஜியும் 2022 நவம்பரில் ஒன்றாகிவிட்டன. ரெட்ஒன் ஓடுவதும் அவர்களுடைய கோபுரத்தில்தான். இரண்டு சிம்மும் ஒரே கோபுரத்தை நம்பியிருந்தால் இரண்டும் ஒன்றாகவே செத்துப்போகும்.

வரம்பற்ற இணையம் என்ற விளம்பரத்திலும் ஒரு கண்ணி உண்டு. கைப்பேசியில் வரம்பில்லாமல் ஓடும் பல திட்டங்கள், ஹாட்ஸ்பாட் போட்டு மடிக்கணினிக்குக் கொடுக்கும்போது தனி அளவு வைத்திருக்கின்றன. பிள்ளைகளின் பாடத்துக்காக வாங்குகிறவர்கள் முதலில் கேட்கவேண்டியது அதைத்தான். 2023 ஜூலை முதல் மலேசியாவில் கிடைக்கும் ஸ்டார்லிங்க் துணைக்கோள் இணையம் கோபுரத்தையே நம்பாதது, மெய்தான். ஆனால் தொடக்கத்தில் கருவிக்கு 2,300 வெள்ளி, மாதம் 220 வெள்ளி என்று வந்த சேவை அது. அதற்குத் திறந்த வானமும் வேண்டும், மரங்கள் மறைத்தால் அறுந்து அறுந்து வரும். ஒற்றைக் குடும்பத்துக்கு அது பாரம். நாலு வீடு பகிர நினைத்தால் சேவை விதிகளைப் படித்துவிட்டு இறங்குவது நல்லது.

உரிமை என்று வரும்போது, 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 188ஆம் பிரிவு, சேவை தருவோர் பயனீட்டாளரிடம் நியாயமாக நடக்கவும் புகாரைத் தீர்க்கவும் கடமைப்பட்டவர்கள் என்கிறது. புகார் செய்து என்ன ஆகப்போகிறது என்ற சலிப்பு நம்மிடம் அதிகம். வாய்வார்த்தையாகச் சொன்ன புகாருக்கு அந்தக் கதி நேர்வதுண்டு. தேதி, நேரம், இடம், வேகச் சோதனையின் திரைப்பிடிப்பு ஆகியவற்றோடு முதலில் நிறுவனத்திடம் கொடுத்துப் புகார் எண்ணை வாங்குங்கள். தீராவிட்டால் அதே எண்ணோடு எம்.சி.எம்.சி. எனப்படும் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் புகார்த் தளத்துக்குப் போகலாம். பணம் திரும்ப வேண்டுமென்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை 5 வெள்ளிக் கட்டணத்தில் கேட்கிறது, வழக்கறிஞர் தேவையில்லை. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றும் வசதி 2008 முதல் இருக்கிறது. அதற்குப் பாக்கி இருக்கக்கூடாது, சிம் உங்கள் அடையாள அட்டையில் பதிந்திருக்கவேண்டும். கடைக்காரர் பெயரிலோ கங்காணி பெயரிலோ பதிந்த சிம்மைப் பல ஆண்டுகள் வைத்திருப்பவர்கள் அந்த எண்ணுக்கு உரிமை கோர முடியாமல் திண்டாடுவது இங்கேதான். உங்கள் அட்டையில் இன்னொருவருக்கு சிம் எடுத்துக் கொடுப்பது அதைவிட மோசம். அந்த எண்ணிலிருந்து மோசடி நடந்தால் போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் கதவை.