முதலில் மூளை, பிறகு சக்கரம்

உம்மும்மாவின் கட்டிலடிக்குத் தண்ணீர்ப் போத்தலும் மருந்தும் கொண்டுபோக, சென்ற தவணை விடுமுறையில் ஒரு சிறு ரோபோ வண்டி செய்தேன். பழைய வாகனங்களில் கழற்றிய இரண்டு வைப்பர் மோட்டர்கள், 12 வோல்ற்று மின்கலவடுக்கு, மோட்டர் கட்டுப்படுத்தி ஒன்று, மூளையாக ஓர் ஆர்டுயினோ. எல்லாவற்றுக்கும் ஒரே ஆளி. ஆளியைப் போட்டதுதான் தாமதம், நான் எந்தக் கட்டளையும் கொடுக்காமலே வண்டி பாய்ந்து, கதிரையில் இருந்த உம்மும்மாவின் கால் விரலில் மோதியது. நல்ல வேளை, காயம் பெரிதில்லை. ஆனால், "இனி இந்தச் சாமான் வீட்டுக்குள்ள ஓடக்கூடாது, மகள்" என்று உம்மா சொல்லிவிட்டார்.

நிரலில்தான் பிழை என்று இரண்டு நாள் தேடினேன். அதில் பிழையே இல்லை. ஆர்டுயினோ மின் கிடைத்த கணத்திலேயே நிரலைத் தொடங்குவதில்லை. என்னிடமுள்ள பழைய பலகைக்கு ஒரு செக்கனுக்கும் மேல் எடுக்கிறது. அந்த இடைவெளியில் அதன் முனைகள் எந்த மின்னழுத்தத்திலும் நிலைக்காமல் மிதந்துகொண்டிருக்கும். கட்டுப்படுத்தியோ அதற்குள் விழித்துவிடும். மிதக்கும் முனையை அது "ஓடு" என்று வாசித்தால் மோட்டர் ஓடத்தானே செய்யும்?

ஆகவே மூளைக்கு முதலில் மின் கொடுத்து, அது "வேகம் பூச்சியம்" என்று சொன்ன பின்னரே மோட்டர் பக்கத்துக்கு மின்னை விடவேண்டும். இதற்கு உதவுவது ரிலே. நமது இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடும் அஞ்சலோட்டத்துக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். ரிலேக்குள் ஒரு கம்பிச் சுருள் உண்டு. அதில் சிறு மின்னோட்டம் பாய்ந்தால் அது மின்காந்தமாகி ஓர் இரும்புத் தகட்டை இழுக்கும். தகடு இரண்டு தொடுகைகளைச் சேர்க்க, அவற்றினூடாகப் பெரிய மின்னோட்டம் செல்லும்.

வாகன மின்வேலை செய்யும் மாமா ஹோர்ன் ரிலே ஒன்று தந்தார். அடியில் 85, 86, 30, 87 என்று இலக்கங்கள். முதலிரண்டும் சுருளின் முனைகள். 30இல் மின்கலவடுக்கு, 87இல் கட்டுப்படுத்தி. சுருளின் தடையை அளந்தேன், 80 ஓம். 12ஐ 80ஆல் வகுத்தால் 0.15 அம்பியர், அதாவது 150 மில்லியம்பியர். ஆர்டுயினோவின் ஒரு முனை 40 மில்லியம்பியருக்கு மேல் தாங்காது. எனவே இடையில் ஒரு திரான்சிஸ்டர் வைத்து, அதன் அடியை 10 கிலோஓம் தடையியால் மறை முனையுடன் இணைத்தேன். ஆர்டுயினோ உறங்கும்வரை திரான்சிஸ்டரும் உறங்கும். இந்தத் தடையியை மறந்தால் பழைய வியாதிதான் திரும்பவும் வரும். சுருளை நிறுத்தும் கணத்தில் அதன் காந்தப்புலம் சரிந்து, திரான்சிஸ்டரைக் கெடுக்கக்கூடிய உயர் மின்னழுத்தத்தைத் தூண்டும். அதைத் தணிக்கச் சுருளுக்குக் குறுக்கே ஓர் இருவாயி வேண்டும், கோடு போட்ட பக்கம் நேர் முனைக்கு.

மூன்று வாரம் வண்டி ஒழுங்காக விழித்தது. பிறகு ஒருநாள், நிரல் ரிலேயை நிறுத்தியும் கட்டுப்படுத்தியின் விளக்கு அணையவில்லை. ரிலேயைப் பிரித்துப் பார்த்தால் தொடுகைகள் இரண்டும் உருகி ஒட்டியிருந்தன.

காரணம், கட்டுப்படுத்தியில் இருந்த 2200 மைக்ரோபரட் கொள்ளளவிகள். வெறுமையான கொள்ளளவி முதற் கணத்தில் குறுஞ்சுற்றுப் போலவே நடக்கும். கம்பிகளின் மொத்தத் தடை 0.1 ஓம் என்றால் 12 வோல்ற்று ஒரு கணம் 120 அம்பியரைப் பாய்ச்சும். என் ரிலே 30 அம்பியருக்கானது. இதற்கு மருந்து, முதன்மை ரிலேயின் தொடுகைகளுக்குச் சமாந்தரமாக இன்னொரு சிறு ரிலேயும் 47 ஓம் தடையியும். சிறு ரிலே முதலில் மூடினால் மின்னோட்டம் கால் அம்பியருக்கு மேல் போகாது. ஏறத்தாழ அரைச் செக்கனில் கொள்ளளவி நிரம்பிவிடும். நான் ஒரு செக்கன் காத்திருந்து முதன்மை ரிலேயை மூடுகிறேன். நிறுத்தும்போது ஒழுங்கு தலைகீழ். வேகத்தைப் பூச்சியமாக்கிய பின்னரே ரிலேயைத் திறக்கவேண்டும், ஓடும் மோட்டரைத் துண்டித்தால் தொடுகைகளில் தீப்பொறி எழும்.

வாப்பா வேறொன்று கேட்டார்: "நிரலே இறுகிப்போனா என்ன செய்வீங்க, மகள்?" அதற்காக ரிலேச் சுருள்களின் பாதையிலேயே ஒரு சிவப்புப் பொத்தான் வைத்தேன். அழுத்தினால் ஆர்டுயினோவைக் கேளாமலே ரிலே திறக்கும். ஆனால் தொடுகை ஒட்டிப்போனால் அந்தப் பொத்தானாலும் பயனில்லை என்பதை அனுபவித்தவள் நான். எனவே மின்கலவடுக்கின் வாயிலிலேயே ஓர் உருகியும், கையால் இழுத்துக் கழற்றும் பிளக் ஒன்றும் உண்டு.

சக்கரங்களைத் தூக்கிவைத்து இருபது தடவை ஆளியைப் போட்டுக் காட்டிய பிறகே உம்மா அனுமதி தந்தார். இப்போது வண்டி விழிக்கும்போது "டிக்" என்று ஒரு சத்தம், ஒரு செக்கன் கழித்து இன்னொரு "டிக்". இரண்டாவது சத்தம் கேட்டதும் உம்மும்மா இன்னமும் காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொள்கிறார்.