ஒரு கட்டிலா, இரண்டு கட்டிலா?

1980-ல் மெக்கானிக்கல் டிப்ளமா சான்றிதழோடு மும்பைக்கு ரயில் ஏறி, 2019-ல் சீனியர் செக்ஷன் இன்ஜினியராக ஓய்வு பெற்றவன் நான். அந்த முப்பத்தொன்பது ஆண்டுகளும் எனக்குச் சோறு போட்டவை ரயில் பெட்டிகள்தான். லோயர், மிடில், அப்பர், சைடு என்று எத்தனை பெர்த்துகளைக் கழற்றி மாட்டியிருப்பேன் என்பதற்குக் கணக்கே கிடையாது. மனிதன் படுத்துறங்க எவ்வளவு இடம் தேவை என்ற விஷயத்தில் எனக்குப் புதிதாக யாரும் பாடம் சொல்ல முடியாது என்று நினைத்திருந்தேன். சென்ற ஆண்டு ஜனவரியில் ஒரு கப்பல் அறையில் அந்த நினைப்பு மாறியது.

புனாவில் வேலை பார்க்கும் எங்கள் மகன், மும்பையிலிருந்து இலட்சத்தீவு வரை போய்த் திரும்பும் உல்லாசக் கப்பலில் எனக்கும் என் மனைவிக்கும் ஓர் அறை பதிவு செய்தான். நான்கு இரவுப் பயணம். சன்னல் இல்லாத உள்ளறை. கட்டணத்தில் அதுதான் குறைவு. பணம் கட்டிய மறுநாள் தொலைபேசியில் கேட்டான்.

"அப்பா, அறையில ரெண்டு கட்டில் இருக்காம். சேர்த்துப் போடணுமா, தனித்தனியா போடணுமான்னு கேக்கறாங்க."

நான் யோசிக்கவே இல்லை. "தனித்தனியா போடச் சொல்லு" என்றேன். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில், எங்காவது வண்டி தடம் புரண்டால் நடு இரவில் கண்ட்ரோலிலிருந்து அழைப்பு வரும். விபத்து நிவாரண வண்டியோடு புறப்பட வேண்டும். அவள் தூக்கம் கெட வேண்டாம் என்று கூடத்தில் தொலைபேசிக்குப் பக்கத்தில் என் கட்டிலைப் போட்டுக்கொண்டேன். பிறகு டோம்பிவிலியில் சொந்த வீடு வந்தது, ஓய்வும் வந்தது. கட்டில் மட்டும் கூடத்திலேயே நின்றுவிட்டது. மணமாகி முப்பத்தெட்டு ஆண்டுகள்; அதில் பாதிக்கு மேல் இப்படி.

டேப் எடுத்தேன்

பல்லார்டு பியரில் கப்பல் ஏறி, அறைக் கதவைத் திறந்ததும் நான் செய்த முதல் வேலை பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தது. குளியலறையும் சேர்த்து அறையின் நீளம் 4.2 மீட்டர், அகலம் 2.8 மீட்டர். ஏறக்குறைய 12 சதுர மீட்டர், அதாவது 127 சதுர அடி. கட்டில் ஒவ்வொன்றும் 76 செ.மீ. அகலம், 190 செ.மீ. நீளம். சுவருக்கு ஒன்றாக இரண்டையும் ஒட்டிப் போட்டிருந்தார்கள். நடுவே 128 செ.மீ. இடைவெளி. மீட்டர் கேஜுக்கு மேல், பிராட் கேஜுக்குக் கீழ் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

இரண்டையும் நடுவில் சேர்த்துப் போட்டால் இருபக்கமும் 64 செ.மீ.தான் மிஞ்சும். என் மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. கையில் ஊன்றுகோல். அவள் எழுந்து திரும்பி நடக்க 128 தாராளம், 64 நெருக்கடி. கணக்கு என் பக்கம் இருந்தது.

அறைப் பணியாளர் வந்து ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி, முப்பத்தைந்து ஆண்டு காய்கறிச் சந்தையில் பழகிய இந்தியில், "பையா, யே தோனோ ஜோட் தோ" என்று சொல்லிவிட்டாள்.

"ஏம்மா, உன் காலுக்கு இடம் பத்தாதேம்மா" என்றேன்.

"நம்ம வீட்டு அடுப்படியில இவ்வளவு இடம்கூட இல்லீங்க. அதுலதான் இத்தனை வருஷமா நிக்கிறேன்" என்றாள்.

பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. நடுவிலிருந்த சிறு மேசையைப் பணியாளர் ஓரத்துக்கு நகர்த்தினார். கட்டில்களை இழுத்துச் சேர்த்தார். இரண்டு மெத்தைக்கும் இடையிலிருந்த பிளவில் ஒரு போர்வையை நீளவாக்கில் மடித்துத் திணித்து, மேலே அகலமான ஒரே விரிப்பைப் போட்டார். பிளவு முதுகை உறுத்தவில்லை. நல்ல கைவேலை. குளியலறைக்கு அருகிலிருந்த பக்கத்தை அவள் எடுத்துக்கொண்டாள். உள்பக்கம் எனக்கு.

மூன்றாம் இரவு

இலட்சத்தீவுகளைச் சுற்றிப் பவளத்திட்டு இருப்பதால் பெரிய கப்பல் கரையை அண்ட முடியாது. ஆழமான இடத்தில் நிறுத்திவிட்டு, சிறு படகுகளில் தீவுக்கு அழைத்துப் போகிறார்கள். அன்று பகல் முழுதும் மணலில் நடந்தேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு தண்ணீரில் இறங்கிக் கொஞ்சம் நீந்தியும் பார்த்தேன். கப்பலுக்குத் திரும்பியபோது களைப்பு. இரவு உணவை இரண்டு வாயோடு முடித்துக்கொண்டேன். ஆனால் வழக்கமான அளவு இன்சுலினை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டேன். சர்க்கரை நோயாளிகள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும். உடல் உழைப்பு கூடியது, உணவு குறைந்தது, மருந்து மட்டும் குறையவில்லை. மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்த நானே செய்த தவறு இது.

இரவு இரண்டு மணி இருக்கும். யாரோ என்னை உலுக்குகிறார்கள். கண் திறந்தால் விளக்கு எரிகிறது. என் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கிறது. அவள் பேசுவது காதில் விழுகிறது. பதில் சொல்ல நாக்கு வரவில்லை. ரயில் பயணத்துக்கென்று எப்போதும் கைப்பையில் வைத்திருக்கும் சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்து, மூன்று கரண்டி தண்ணீரில் கரைத்து, என்னை நிமிர்த்தி உட்காரவைத்துக் குடிக்கவைத்தாள். என் குளுக்கோமீட்டரில் அவளே விரலைக் குத்திப் பார்த்தாள். 54. கால் மணி நேரம் பொறுத்து மறுபடி பார்த்ததில் 88. அதன் பிறகு இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தாள். காலையில் கப்பல் மருத்துவரைப் பார்த்து, அன்றைய மருந்தளவைக் கேட்டுக்கொண்டோம்.

"எப்படித் தெரிஞ்சுது உனக்கு?" என்று விடிந்த பிறகு கேட்டேன்.

"தூக்கத்துல கை உங்க மேல பட்டுது. ஈரமா இருந்துது" என்றாள். பிறகு சற்று நேரம் கழித்து, "நீங்க டூட்டிக்குப் போற ராத்திரியிலயும் நான் தூங்கினதில்லீங்க. போன் அடிச்சா எனக்கும்தான் கேக்கும்" என்றாள்.

சேர்த்துப் போட்ட கட்டில்தான் என்னைக் காப்பாற்றியது என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் சன்னல் இல்லாத அந்த இருட்டறையில், 128 செ.மீ. தள்ளிப் படுத்திருந்தால், வியர்த்ததை யார் கண்டிருப்பார்கள்? நான் போட்ட கணக்கில் முழங்காலுக்கு இடம் இருந்தது. சர்க்கரைக்கு இடம் இல்லை. அதோடு, சம்பந்தப்பட்டவளைக் கேட்காமலே போட்ட கணக்கு அது.

பயணம் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

மும்பையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல் பயணம் போகும் நம்மவர் தொகை கூடிவருகிறது. அவர்களுக்காக நான் கண்டவற்றைச் சொல்கிறேன்.

முதலில், கட்டில் அமைப்பைப் பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான அறைகளில் இரண்டு கட்டிலைச் சேர்க்கவும் பிரிக்கவும் முடியும். சில அறைகளில் அவை தரையோடு பொருத்தப்பட்டவை, நகராது. ஏறிய பிறகு கேட்டால், எல்லோரும் கேட்கும் நேரத்தில் பணியாளருக்குத் திண்டாட்டம்.

இரண்டாவது, இரவில் அடிக்கடி எழுகிறவருக்குக் குளியலறைப் பக்கத்தைக் கொடுங்கள். கப்பல் குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமல் தடுக்க ஒரு வாசற்படி உயர்ந்து நிற்கும். தூக்கக் கலக்கத்தில் கால் இடறும் இடம் அதுதான். உள்ளறையில் பகலும் இருட்டுத்தான். குளியலறை விளக்கைப் போட்டுக் கதவை ஒரு விரற்கடை திறந்து வையுங்கள்.

மூன்றாவது, சேர்த்த கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடச் சொல்லாதீர்கள். ஒரு பக்கம் நிறைய இடம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் உள்ளே படுப்பவர் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். அறுபது வயதுக்கு மேல் அது ஆகாது. நடுவில் போட்டு இருபுறமும் இரண்டடி விடுவதே நல்லது. பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டால் தரை காலியாகும்.

நான்காவது, குடும்பமாக நால்வர் ஓர் அறையில் போவதாக இருந்தால் மேலே இரண்டு மடக்குக் கட்டில்கள் இருக்கும். கப்பலில் இதைப் 'புல்மன் பெர்த்' என்கிறார்கள். பெயரைக் கேட்டதும் எனக்குப் பெருமை. 1860-களில் அமெரிக்க ரயில் பெட்டிகளுக்காக மடக்கும் மேல் பெர்த்தை அமைத்துக் காப்புரிமை பெற்ற ஜார்ஜ் புல்மனின் பெயர்தான் அது. கப்பல்காரர்கள் நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டது! பல அறைகளில் மேல் பெர்த் இறக்கினால் கீழ்க் கட்டில்களைச் சேர்க்க முடியாது. கீழே படுப்பவர் நிமிர்ந்து உட்காரவும் முடியாது. நம் மிடில் பெர்த் அனுபவம்தான். ரயிலில் இரவு 10 முதல் காலை 6 வரைதான் மிடில் பெர்த் என்று விதி உண்டு. கப்பலில் அதை வீட்டுக்குள்ளேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். காலையில் பணியாளரிடம் சொன்னால் மேலே மடக்கிவிடுவார். மேலே ஏறும் முன் தடுப்புக் கம்பி பூட்டியிருக்கிறதா, ஏணி கொக்கியில் விழுந்திருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். சின்னஞ்சிறு குழந்தைகளை மேலே படுக்கவைக்க வேண்டாம்.

ஐந்தாவது, அறை எங்கே இருக்கிறது என்பது. ரயில் பெட்டியில் சக்கரத்துக்கு மேலே உள்ள ஓரத்து பெர்த்தைவிட நடுப்பெட்டி பெர்த்தில் குலுக்கல் குறைவு என்பது நமக்குத் தெரியும். கப்பலிலும் அதே நியாயம். நீளவாக்கில் நடுவிலும், உயரத்தில் கீழ்த்தளத்திலும் உள்ள அறையில் ஆட்டம் குறைவு. பக்கவாட்டில் ஆடுவதைக் குறைக்க நவீனக் கப்பல்களில் நீருக்கடியில் துடுப்பு போன்ற நிலைநிறுத்திகள் உண்டு. முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதை அவை அவ்வளவாகத் தடுக்கா. எனவே குமட்டல் வருகிறவர்கள் முன்கோடி அறையைத் தவிர்க்கவும்.

அந்தமானுக்கு அரசுக் கப்பலில் போக நினைப்பவர்கள், அங்கே டீலக்ஸ், முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, பங்க் என்று பிரிவு உண்டு என்பதை நினைவில் வைக்கவும். பங்க் என்பது நம் ஸ்லீப்பர் பெட்டியின் அண்ணன். இரண்டு மூன்று நாள் பயணம். முதியோர் கீழ்ப் படுக்கையைக் கேட்டு வாங்கவும்.

கடைசியாக, சர்க்கரை நோய், வலிப்பு, இதயக் கோளாறு உள்ளவர்கள் துணைக்குக் கை எட்டும் தூரத்தில் படுக்க வேண்டும். சர்க்கரையும் பிஸ்கட்டும் தலைமாட்டில் இருக்க வேண்டும்; அலமாரிக்குள் அல்ல. அவை எங்கே இருக்கின்றன என்று இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வீடு திரும்பி

டோம்பிவிலிக்கு வந்த மறுநாள், கூடத்தில் நின்ற என் இரும்புக் கட்டிலை உள்ளறைக்குத் தள்ளினேன். கதவு அகலம் போதவில்லை. கால்களைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோனேன். சேர்த்துப் போட்டுப் பார்த்தால் அவள் மரக்கட்டிலைவிட என்னுடையது 4 செ.மீ. தாழ்வு. போகிக்கு அடியில் பேக்கிங் கொடுத்து உயரம் சரிசெய்வது எனக்குப் பழகிய வேலை. தச்சுக் கடையில் நான்கு தேக்குத் துண்டு அறுத்து வாங்கி வந்து கால்களுக்கு அடியில் வைத்தேன். மட்டப்பலகை வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நின்றது.

என் மனைவி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதை முன்னாடியே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றாள்.

கேட்காதது என் பிழைதான். உங்கள் மகனோ மகளோ தொலைபேசியில் இதே கேள்வியைக் கேட்டால், பதில் சொல்வதற்கு முன் பக்கத்தில் கீரை ஆய்கிறவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.