களத்தை ஒட்டிய வீடு

எண்ணூர், மணலி என்றால் அனல் மின் நிலையமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும்தான் நினைவுக்கு வரும். அங்கிருந்து மேற்கே, புழல் ஏரியை ஒட்டிய செங்குன்றத்துக்கு வேறு வாசம்: அவிந்த நெல்லின் வாசம். ஜி.என்.டி. சாலை வழியே ஆந்திர நெல் லாரி லாரியாக வந்து இறங்க, பட்டணத்துச் சோற்றுக்கு அரிசி அரைத்துக் கொடுத்த ஊர் இது.

பழைய ஆலையில் இயந்திரத்தைவிடக் களம்தான் பெரிது. நெல்லைத் தொட்டியில் ஊறவைத்து, நீராவியில் அவித்து, சிமென்ட் களத்தில் பரப்புவார்கள். வெயில் ஏற ஏறக் காலாலேயே துழாவிக் கிளறிவிட வேண்டும். மேகம் கறுத்தால் ஓடிவந்து குவித்து மூட வேண்டும். காய்ந்த பிறகே அரவை. பிரிந்த உமி மறுபடி கொதிகலனுக்கே எரிபொருளாகும். அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள பி வைட்டமின் அரிசிக்குள் இறங்குகிறது. அன்றைய சென்னை மாகாணத்தின் வட சர்க்கார் மாவட்டங்களில், தீட்டிய பச்சரிசி உண்டவர்களை அந்தச் சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோய் வாட்டியது. புழுங்கலரிசி உண்டவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். 1920களில் குன்னூரில் இருந்த மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் ஆராய்ந்த விஷயம் இது.

இத்தனை உயிர்ச்சத்து சேர்த்த வேலையைச் செய்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? பல ஆலைகளில் மதில் சுவருக்குள்ளேயே, களத்தை ஒட்டிய ஒற்றை அறையில். இருளர் பழங்குடிக் குடும்பங்கள் பல, சில ஆயிரம் ரூபாய் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுப் பிள்ளைகளோடு வந்து சேர்ந்தன. நடுராத்திரியில் எழுந்து நெல் அவிக்க வேண்டும், விடிந்தால் களம். திருவிழாவுக்கோ சாவு வீட்டுக்கோ போவதென்றால் ஆலைக்காரர் சம்மதிக்க வேண்டும். வட்டாரத்து ஆலைகளிலிருந்து வருவாய்த் துறை அதிகாரிகள் இப்படிப்பட்ட குடும்பங்களைப் பலமுறை மீட்டிருக்கிறார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். அந்தச் சட்டப்படி முன்பணக் கடன் அடியோடு செல்லாது. அது தெரியாமலே அதே களத்தில் வளர்ந்து, அங்கேயே கல்யாணமும் முடித்து, மறுபடி நெல் கிளறியவர்கள் உண்டு.

இப்போது உலர்த்தும் இயந்திரம் வந்துவிட்டது. களத்துக்கு வேலை குறைந்துவிட்டது. பழைய ஆலைகளில் ஒன்றையாவது காட்சியகமாக வைக்க வேண்டும் என்பது என் ஆசை. வைத்தால், புகைபோக்கியையும் கொதிகலனையும் மட்டும் துடைத்து நிறுத்தினால் போதாது. அந்த ஒற்றை அறையையும் இடிக்காமல் விட வேண்டும். அதில் வாழ்ந்தவர்களைக் கேட்டே அதன் கதையை எழுதி வைக்க வேண்டும். அவர்களில் பலர் இன்றும் திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களில் இருக்கிறார்கள்.