சமையலறை அடுப்பும் வைஃபையும் பங்கிடும் அலைக்கற்றை

வீட்டில் கம்பியில்லா இணையம், அதாவது வைஃபை, அவ்வப்போது தளரும்போது பழி பெரும்பாலும் இணைய நிறுவனத்தின் மீதோ, சமிக்ஞையை வீடெங்கும் பரப்பும் ரவுட்டரின் மீதோதான் விழுகிறது. அடுத்த அறையில் உணவைச் சூடாக்கிக்கொண்டிருக்கும் மைக்ரோவேவ் அடுப்பை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஓர் அலை நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை அதன் அதிர்வெண் என்பர். அடுப்பினுள் உருவாகும் அலையின் அதிர்வெண் ஏறத்தாழ 245 கோடி, அதாவது 2.45 கிகாஹெர்ட்ஸ். வைஃபை முதலில் குடியேறிய அலைக்கற்றையோ 2.4 கிகாஹெர்ட்ஸில் தொடங்கி 2.4835 வரை நீள்வதால், அடுப்பின் அலை அதற்குள்ளேயே விழுகிறது.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. ராடாருக்கு அலை உண்டாக்கும் மேக்னட்ரான் என்னும் குழாயைக் கொண்டு உணவைச் சமைக்கலாம் எனக் கண்ட அமெரிக்கப் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர் 1945இல் அதற்குக் காப்புரிமை கோரினார். 1947இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய பன்னாட்டு வானொலி மாநாடு, தொழில், அறிவியல், மருத்துவம் ஆகியவற்றில் பயன்படும் கருவிகளுக்கெனச் சில அலைக்கற்றைகளை ஒதுக்கியது. அங்கே செய்தி அனுப்ப விரும்புவோர் அக்கருவிகளின் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளவே வேண்டும் என்பது விதி. அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு 1985இல் அந்த இடத்தில் உரிமமின்றித் தகவல் பரிமாற வழிவிட்டது. 1997இல் வைஃபைக்கான முதல் தரநிலை வெளிவந்தது. இந்தியா 2005இல் இதே கற்றைக்கு உரிம விலக்கு அளித்தது. ஆகவே இங்கே மூத்த குடி அடுப்புதான்; அத்துமீறி நுழைந்தது என்று அதன்மேல் குற்றம் சாட்டுவது பொருந்தாது. நீரின் மூலக்கூறுகள் இந்த அதிர்வெண்ணில் மட்டுமே அதிர்ந்து சூடாகின்றன என்று பரவலாகச் சொல்லப்படுவதும் சரியன்று. நீர் பல அதிர்வெண்களில் வெப்பத்தை ஏற்கும் என்பதாலேயே ஆலைகளில் 915 மெகாஹெர்ட்ஸ் அடுப்புகளும் இயங்குகின்றன.

அடுப்பின் ஆற்றல் பல நூறு வாட். ரவுட்டரின் ஆற்றலோ ஏறத்தாழ 0.1 வாட். அடுப்பு உலோகப் பெட்டியாக இருப்பதாலும், கதவிலுள்ள வலையின் துளைகள் சுமார் 12 சென்டிமீட்டர் நீளமுள்ள அலையைவிட மிகச் சிறியவையாக இருப்பதாலும் அலை பெரும்பாலும் உள்ளேயே அடங்குகிறது. கதவின் விளிம்புகளில் மட்டும் சிறிது கசிகிறது. அடுப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசிவு இருக்கக் கூடாது என்பது அமெரிக்கத் தரநிலை. மனித உடலுக்குத் தீங்கு செய்யாத இந்த அளவு வைஃபைக்குப் பெரிது. ஏனெனில் நல்ல இணைப்பிலுள்ள கைபேசிக்கு வந்து சேர்வதே ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு போன்ற நுண்ணிய ஆற்றல்தான்.

வைஃபைக் கருவிகள் பேசுவதற்கு முன் செவிமடுக்கும் ஒழுங்குடையவை. அலைவரிசையில் வேறு எவரும் இல்லை என உறுதியான பிறகே அவை தகவலை அனுப்பும். ஆதலால் அடுப்பின் கசிவு கேட்கும்போது அவை காத்திருக்கின்றன, அல்லது அனுப்பிய தகவல் சிதைந்துபோக அதை மீண்டும் அனுப்புகின்றன. பழைய வகை அடுப்பின் மேக்னட்ரான் மாறுமின்னோட்டத்தின் ஒரு பாதிச் சுழற்சியில் மட்டுமே அலையை உமிழ்வதால், நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 10 மில்லிநொடி இரைச்சலும் 10 மில்லிநொடி அமைதியும் மாறிமாறி வருகின்றன. அந்த அமைதியில் தகவல் நழுவிச் சென்றுவிடுவதால் இணையப் பக்கங்கள் சற்றுத் தாமதித்தேனும் திறக்கின்றன. தாமதத்தைத் தாங்காத காணொளி அழைப்பு மட்டும் திக்கித் திணறுகிறது.

இந்தக் கசிவின் வலிமைக்கு மிகச் சிறந்த சான்று ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியில் கிடைத்தது. 64 மீட்டர் விட்டமுள்ள அக்கருவியில் 1998 முதல் அவ்வப்போது பதிவாகி, பெரிட்டான் எனப் பெயரிடப்பட்ட விந்தையான துடிப்புகள், தொலைவான விண்வெளியிலிருந்து வரும் உண்மைத் துடிப்புகளின் மீதே ஐயத்தை எழுப்பியிருந்தன. எமிலி பெட்ரோஃப் தலைமையிலான குழு 2015இல் அவற்றின் மூலத்தைக் கண்டறிந்தது: அடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் அதன் கதவைத் திறந்தால், மேக்னட்ரான் அணையும் அந்தக் கணத்தில் உமிழும் அலை தொலைநோக்கியை எட்டியிருக்கிறது. பல ஆண்டுகள் நீடித்த ஒரு புதிரைப் பொறுமையான அளவீட்டால் அவிழ்த்த இப்பணி அறிவியலுக்குப் பெருமை சேர்ப்பது.

கம்பிவழி இணையமும் இத்தகைய இரைச்சலுக்குத் தப்பவில்லை. வேல்ஸ் நாட்டின் அபர்ஹோசன் என்னும் சிற்றூரில் பதினெட்டு மாதங்களாக நாள்தோறும் காலை 7 மணிக்கு இணையம் முடங்கியதற்கு, ஒரு வீட்டில் அந்நேரம் இயக்கப்பட்ட பழைய தொலைக்காட்சிப் பெட்டி எழுப்பிய மின்னிரைச்சலே காரணம் என்பது 2020இல் தெரியவந்தது. அதற்குள் ஊரின் கம்பிகளில் பெரும்பகுதி வீணாக மாற்றப்பட்டிருந்தது.

புளூடூத் கருவிகளும், குழந்தையைக் கண்காணிக்கும் சில கருவிகளும், சரியாக மறைப்பிடப்படாத யுஎஸ்பி 3.0 கம்பிகளும் அதே 2.4 கற்றையில் இரைச்சல் சேர்க்கின்றன. குளிர்பதனப் பெட்டி, பெரிய கண்ணாடி, மீன்தொட்டி, இரும்புக் கம்பி பாய்ந்த கான்கிரீட் சுவர் ஆகியவற்றின் குற்றம் வேறு வகையானது. அவை இரைச்சல் எழுப்புவதில்லை, அலையைத் திருப்பியோ விழுங்கியோ விடுகின்றன. இந்த வேறுபாடு அறியாமல் பரிகாரம் தேடினால் பயனில்லை. தடைக்கு மருந்து ரவுட்டரை வீட்டின் நடுவே உயரமான திறந்த இடத்தில் வைப்பது. இரைச்சலுக்கு மருந்து 5 கிகாஹெர்ட்ஸ் கற்றைக்கு மாறுவது. சுவர்களைத் தாண்டும் வலிமை பிந்தியதற்குக் குறைவு என்பதால் தொலைவிலுள்ள அறைகளுக்குப் பழைய கற்றையே வேண்டியிருக்கலாம். அங்கே அடுப்பின் அலையிலிருந்து சற்று விலகியிருக்கும் 1ஆம் அலைவரிசையைத் தேர்ந்து பார்க்கலாம்.

அதிகக் கட்டணமுள்ள இணையத் திட்டத்துக்கு மாறுமுன், ஒரு கோப்பை நீரை அடுப்பில் வைத்துச் சூடாக்கியபடியே காணொளி அழைப்பொன்றைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. அடுப்பின் கதவு வளைந்தோ, தாழ் தேய்ந்தோ சரியாக மூடாதிருந்தால், இணையம் எப்படி இருந்தாலும், பழுதுபார்க்கும் வரை அந்த அடுப்பை இயக்கக் கூடாது.