புதிதாய்ப் பறித்த ஆப்பிளும் குரங்கணிச் சரிவும்

போடிநாயக்கனூர் கடைகளில் ஆண்டு முழுவதும் ஆப்பிள் கிடைக்கிறது. ஆனால் மரத்தைவிட்டு இறங்கி அதிக நாளாகாத பழத்தை வாங்க ஏற்ற காலம் ஆவணி முதல் ஐப்பசி வரைதான். இமாசலப் பிரதேசத்திலும் காஷ்மீரிலும் அறுவடை மும்முரமாவது அப்போதே. சித்திரை, வைகாசியில் விற்கும் இந்நாட்டுப் பழம் பெரும்பாலும் பிராணவாயுவைக் குறைத்த குளிர்கிடங்கில் பல மாதம் இருந்து வந்ததாகும்.

பறித்த பின்னும் பழம் சுவாசிக்கிறது. அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், புளிப்பு குறையும், திசுக்களைப் பிணைக்கும் பெக்டின் தளரும். கடித்தால் 'நறுக்'கென்று உடைந்து சாறு தெறிக்கும் பழம், நாளடைவில் மாவாய்ப் போவது இதனால்தான். ஏலக்காயை முழுதும் பழுக்குமுன் பறிக்க வேண்டும் என்பது மலைத் தோட்டக்காரர்களுக்குத் தெரியும். ஆப்பிளிலும் பருவம் முக்கியம். குறுக்கே நறுக்கி அயோடின் கரைசல் தடவினால் மாவுச்சத்துள்ள பகுதி கருநீலமாகும். முழுவதும் கறுத்தால் பிஞ்சு. விதை பழுப்பாக இருப்பதும் முதிர்ச்சிக்கு ஓர் அடையாளம். தோலின் பளபளப்பை நம்ப வேண்டாம். அது மெழுகுப் பூச்சாகவும் இருக்கலாம். கெட்டியாகவும், கைக்குக் கனமாகவும், தோல் சுருங்காமலும் உள்ளதே நல்லது.

வாங்கியதைத் துளையிட்ட பையிலிட்டுக் குளிர்ப்பெட்டியில் வைக்கலாம். ஆப்பிள் எத்திலீன் வாயுவை வெளியிடும். ஆகவே கீரை, காரட்டுடன் சேர்த்து வைக்கக்கூடாது.

மரத்திலிருந்தே பறித்துத் தின்ன ஆசைப்படுவோர் கொடைக்கானலுக்கோ, குரங்கணி மலைக்கு அப்பால் மூணாறைத் தாண்டி மறையூர்ப் பக்கமுள்ள காந்தளூருக்கோ போக வேண்டும். காந்தளூரில் ஆடி, ஆவணியிலேயே பழம் வந்துவிடும். அப்படியானால் குரங்கணியில் ஏன் வளர்க்கக்கூடாது என்று கேட்கலாம். 'ரெட் டெலிஷியஸ்' போன்ற ரகங்களுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழ் சுமார் 1,000 மணி நேரமாவது குளிர் தேவை. அது கிடைக்காவிட்டால் மொட்டுகள் சரிவர விழிப்பதில்லை. அடிவாரத்திலுள்ள குரங்கணியில் அந்தக் குளிர் இல்லை.

குளிர் குறைவாகத் தேவைப்படும் ரகங்களும் உண்டு. இஸ்ரேலின் 'அன்னா', பஹாமா தீவுகளின் 'டார்செட் கோல்டன்', இமாசலப் பிரதேசம் பிலாஸ்பூர் மாவட்ட விவசாயி ஹரிமான் சர்மா கண்டெடுத்த 'எச்.ஆர்.எம்.என்.99' ஆகியவை அவற்றுள் சில. இவருக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் பாத்து என்னும் மலை ஊரில் இலைகளைக் கையால் உருவி, மரத்தை ஏமாற்றிப் பூக்கச் செய்கிறார்கள். ஆனால் அதற்கு ஆள்கூலி அதிகம். குரங்கணிச் சரிவில் ஏலப் பறிப்பு நடக்கும் ஐப்பசியில் ஆளே கிடைக்காது.

எனவே, நாற்று விற்பவரின் பேச்சைக் கேட்டு ஏலத்தையோ காப்பியையோ மிளகையோ வெட்டிவிட்டு ஆப்பிள் நடுவது விவேகமல்ல. வீட்டுக்காக மட்டும், சரிவின் மேல்பகுதியில், தண்ணீர் தேங்காத, வெயில் படும் இடத்தில் இரண்டு மரம் வைத்துப் பார்க்கலாம். இரண்டும் வெவ்வேறு ரகமாக, ஒரே சமயத்தில் பூப்பவையாக இருக்கட்டும். அயல் மகரந்தம் சேர்ந்தால்தான் காய் நன்கு பிடிக்கும். காய்த்தால் பழத்தை இழுத்துப் பறிக்கக்கூடாது. உள்ளங்கையில் ஏந்தி மேல்நோக்கித் தூக்கி மெல்லத் திருகினால் காம்போடு வரும். அடுத்த ஆண்டு பூக்க வேண்டிய குறுங்கிளையும் முறியாது.