சொட்டும் வேர்வை ஏன் குளிர்விப்பதில்லை?

பெங்களூரில் பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் முடித்தவர், அதே ஷூவோடு மெரினாவில் ஓடினால் சில நிமிடம் கூடுதலாக ஆகிறது. பயிற்சி குறைந்துவிட்டதா? இல்லை, காற்றில் ஈரம் கூடிவிட்டது.

ஓடும்போது உடல் எரிக்கும் ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகிவிடுகிறது. 60 கிலோ எடையுள்ளவர் 10 கி.மீ. ஓடினால் ஏறக்குறைய 600 கலோரி செலவு. அதில் 450க்கு மேல் வெறும் சூடு. ஒரு லிட்டர் வேர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். கணக்குப்படி முக்கால் லிட்டரே ஏறக்குறையப் போதும். ஆனால் ஆவியாக வேண்டும். ஈரக் காற்றில் அது எளிதில் நடக்காது. முழங்கையில் வழிந்து தார்ச்சாலையில் சொட்டும் வேர்வையால் தாகம்தான் மிச்சம்.

சூடு இறங்காதபோது இதயம் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டியிருக்கிறது. கால் தசைக்குப் பங்கு குறைகிறது. அதே வேகத்திலும் நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போகும். அப்போது கடிகாரத்தோடு மல்லுக்கட்டுவது வீண்.

விடியற்காலையில் ஈரப்பதம் 90 சதவீதம் என்று செல்போன் பயமுறுத்தும். அது ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்பது. காற்றிலுள்ள நீராவியின் அளவு பகலைவிடப் பெரிதாகக் கூடியிருக்காது, வெயிலும் இல்லை. ஆகவே விடியலே மேல். சென்னை மாரத்தான் ஜனவரியில், இருட்டிலேயே தொடங்குவதும் இதனால்தான்.

பழகலாமா? பழகலாம். வெக்கையில் பத்துப் பதினான்கு நாள் நிதானமாக ஓடினால் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும், வேர்வை சீக்கிரமே சுரக்கும், அதில் உப்பும் குறையும். ஆனால் சில வாரம் விட்டுவிட்டால் அந்தப் பழக்கம் போய்விடும்.