ஏட்டெழுத்தும் இணைய எழுத்தும்

மாத்தளை நகருக்கு வடக்கேயுள்ள அலுவிகாரைக் குகைகளிலே, அதுகாறும் வாய்மொழியாக வழங்கிய பாளித் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பெற்றது என்பர். பாளிக்குத் தனக்கென உரிய எழுத்து இல்லை. சிங்களம், பர்மியம், தாய், உரோமம் ஆகிய எழுத்துகள் பலவற்றில் அந்நூல் வழங்குகின்றது. ஆகவே, ஏட்டை எடுப்போர் சொல் யாதென ஆராயுமுன் எழுத்து எவ்வகையதென அறிதல் வேண்டும். இன்று இணைய உலாவிக்கும் அதுவே முதற்கடன்.

கணினிக்கு எட்டுவன எண்களே. 0 முதல் 255 வரையான எண்களின் வரிசையாகவே பக்கம் வந்து சேர்கின்றது. எவ்வெண் எவ்வெழுத்தைக் குறிக்குமெனக் கூறும் அட்டவணை குறியேற்றம் எனப்படும். அட்டவணைகளோ பல. பக்கத்தின் தொடக்கத்திலேயே 'பைட்டு வரிசைக் குறி' என்னும் இரண்டு மூன்று எண்கள் இருப்பின், உலாவி அதனையே மேலான சான்றாகக் கொள்ளும். இல்லையேல், பக்கத்தை அனுப்பிய வழங்கி தன் முகப்புரையிற் கூறியதை ஏற்கும். அதுவும் இல்லாவிடின், முதல் 1024 பைட்டுகளுக்குள் பக்கத்தை ஆக்கியோர் எழுதிவைத்த அறிவிப்பைத் தேடும். ஓலையிலுள்ள சொல்லினும் ஓலை கொணர்ந்த தூதன் சொல்லுக்கு ஏற்றம் தருவது எமக்குச் சற்றே வியப்பாயிருக்கின்றது. வழியிற் குறியேற்றம் மாற்றப்படவும் கூடுமாதலின், இறுதியிற் கையளிப்பவன் அறிவான் என்பது அதற்குக் கூறப்படும் காரணம்.

சான்று எதுவும் இல்லாதவிடத்து எஞ்சுவது ஊகமே. நம் முன்னோரும் ஊகித்தே படித்தனர். ஓலையிற் புள்ளியிடும் வழக்கம் அருகியிருந்தது. காலும் ரகரமும் ஒரே வடிவின. சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) போன்றோர் ஏடுகளை ஆராய்ந்து அச்சேற்றுகையில், இடம் நோக்கியே எழுத்தைத் துணிந்தனர். உலாவியோ எண்கள் பயின்றுவரும் முறையை நோக்கும்; அன்றேல் விண்டோசு 1252 போன்ற மேலைநாட்டு அட்டவணையைக் கைக்கொள்ளும். ஒருங்குறியின் யூ.டி.எஃப்-8 முறையில் அகரம் 224, 174, 133 என்னும் மூன்று எண்களாம். 1252 கொண்டு படிப்பின், தலையிற் கோடேந்திய ஆங்கில 'ஏ', வட்டத்துட்பட்ட 'ஆர்', அதன்பின் முப்புள்ளி எனத் தோன்றும்.

இஃதாவது சரியான அட்டவணையைக் காட்டத் தீரும் நோய். பாமினியின் கதை வேறு. இலங்கையிற் பெருவழக்காயிருந்த இவ்வெழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்களை அமர்த்தியது. அதில் 'தமிழ்' என்பது ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்து குறிகளே. உலாவி அவற்றை ஆங்கிலமென்று பிழையறப் படிக்கின்றது. எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் தோன்றுவதற்கு வழியில்லை. எந்த முகப்புரையும் எந்த அறிவிப்பும் இதற்கு மருந்தாகா. தமிழ் 1991 ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியின் முதற்பதிப்பில் இடம்பெற்றிருந்தும், அதன்பின் நெடுங்காலம் நம்மவர் பாமினியிலேயே எழுதினர்.

அவ்வாறு எழுதப்பெற்ற நினைவு மலர் ஒன்றை அண்மையில் எம் மாணவர் சிலர் ஒருங்குறிக்கு மாற்ற முற்பட்டனர். இறந்துபோன ஆசிரியர் பலரின் கவிதைகள் அதிலன்றி வேறெங்கும் இல்லை. மாற்றி எனப்படும் செயலி தமிழைச் செவ்வனே தந்தது. இடையிடையே வந்த ஆங்கிலத்தையும் தமிழென்றே கொண்டது. ஆங்கிலத்தில் எழுதியிருந்த மாத்தளை என்னும் ஊர்ப்பெயர் 'ஆயவயடந' ஆயிற்று. இப்பொழுது மாணவர் வரிவரியாக வாசிக்க, யாம் மூலப்பிரதியை ஒப்புநோக்கி வருகின்றோம்.